தடாவில் ஆழ்கடல்

சோதனைச்சாவடி தாண்டி இரண்டாவது சந்து.
தகரக் கூரைக்குக் கீழே
ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழக் கடல்
ஓர் இரும்புத் தொட்டிக்குள் இருக்கிறது.
மூடியில் முப்பத்திரண்டு போல்ட்.
நான்தான் முறுக்கினேன், எதிரும் புதிருமாக,
ஒன்றை அடுத்துப் பதினேழு, ஒன்பதை அடுத்து இருபத்தைந்து.

உள்ளே ஒரு குழாய்த் துண்டு.
காக்கிநாடாவுக்கு அப்பால் இறங்கப்போவதன் மாதிரி.
அதற்குள் தொண்ணூற்றைந்து டிகிரி எண்ணெய்,
வெளியே நான்கு டிகிரி தண்ணீர்,
நடுவில் ஏழு சென்டிமீட்டர் பூச்சு.
பூச்சுக்குள் கண்ணாடிக் குமிழிகள், கோடிக்கணக்கில்,
ஒவ்வொன்றும் எறும்பின் பெருமூச்சு அளவு காற்றைப்
பூட்டி வைத்திருக்கிறது.
அழுத்தம் ஏறும்போது சில உடையும்.
தொட்டிச் சுவரில் காதை வைத்தால்
பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிற மாதிரி.

இருபத்தேழு நாள் ஒழுங்காக ஓடியது.
இருபத்தெட்டாம் நாள், கத்திரி வெயிலில்,
சில்லர் நின்றது.
நான்கு. நாலரை. ஐந்து.
கடல் சூடாவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெஞ்சலையா ஒன்றும் பேசவில்லை.
குட்டியானையை எடுத்துக்கொண்டு சூலூர்பேட்டை போனான்.
மீன் ஐஸ் பாக்டரியில் நாற்பது பாளம்,
உமி ஒட்டிக்கொண்டு, இறால் வாடையோடு.
ஐந்து. நாலரை. நான்கு புள்ளி ஒன்று.
அறிக்கையில் இதற்கு ஒரு வரி உண்டு:
'மாற்றுக் குளிரூட்டல் செய்யப்பட்டது.'
இறாலைப் பற்றி இல்லை.

மாலை ஆறு ஐந்துக்கு எண்ணெயை நிறுத்தினோம்.
இனிமேல்தான் சோதனை.
கடலில் என்றாவது ஒருநாள்
பம்பு நிற்கும், வால்வு மூடும், யாரோ ஓடுவார்கள்.
அவர்கள் சரிசெய்யும்வரை
குழாய் தன் சூட்டைத் தானே காக்க வேண்டும்.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால் மெழுகு கட்டும்.
கட்டிவிட்டால் அது குழாயில்லை,
நாற்பது கிலோமீட்டர் மெழுகுவத்தி.
ஒப்பந்தம் கேட்பது பன்னிரண்டு மணி நேரம்.

பத்து நிமிடத்துக்கு ஓர் எண்.
பெஞ்சலையா தெலுங்கில் வாசிப்பான்,
நான் தமிழில் முணுமுணுத்து
இங்கிலீஷ் படிவத்தில் எழுதுவேன்.
மூன்று மொழி தாண்டியும்
ஒரு டிகிரிகூட வழியில் சிந்தியதில்லை.

மூன்று மணிக்கு ஏழாம் சென்சார்
மற்றவற்றை விட்டுத் தனியாக இறங்கத் தொடங்கியது,
பந்தியில் பாதியில் எழுந்து போகிறவளைப் போல.
ஏழு இருப்பது வெல்டுக்கு மேலே,
பூச்சைக் கையால் ஊற்றிய இடத்தில்.
ஐந்து நாற்பத்து மூன்றுக்கு இருபத்திரண்டைத் தொட்டது.
இரண்டு முறை கழித்துப் பார்த்தேன்.
பதினொன்று மணி முப்பத்தெட்டு நிமிடம்.

பூச்சுக் கம்பெனி அனந்தபத்மன்
நாற்காலியிலிருந்து விழித்து வந்தார்.
ஏழு கெட்டுப்போன சென்சார் என்று போடலாமே மேடம்,
மற்ற பதினொன்றும் நன்றாகத்தானே நிற்கின்றன.
சென்சார்கள் கெடுவதும் உண்டு.
அவர் சொன்னதில் பொய்யில்லை,
அதுதான் சங்கடம்.
பெஞ்சலையாவைப் பார்த்தேன்.
'மீ இஷ்டம்' என்றான்,
உள்ளங்கை ஐஸில் வெந்து சிவந்திருந்தது.

திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

அழுத்தம் இறங்க ஒன்பது மணி.
முப்பத்திரண்டு போல்ட், மறுபடி.
ஏழைப் பிடுங்கி ஐஸ் தூளில் நட்டேன்.
பூஜ்யம்.
ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.
வெல்டு ஓரம் அறுத்த இடத்தில்
நகக்கண் அகலத்துக்கு ஈரம்.
பதினொன்று முப்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அனந்தபத்மன் ஈரத்தைப் போட்டோ எடுத்தார்,
காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

உமிக்கும் சாக்குக்கும் அடியில்
ஒரு பாளம் நேற்றைய கனத்தோடு கிடந்தது.
வாசலில் நன்னாரி சர்பத் வண்டி.
எடுத்துக்கோங்க என்றேன்.
முகர்ந்து பார்த்து, வேண்டாம்மா, மீன் அடிக்குது என்றார்.

கேட்டோரம் வெயிலில் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.
ஆரம்பாக்கம் போகிற மூன்று பஸ்ஸை விட்டேன்.
ஒரு மணி ஐம்பது நிமிடம் தாங்கியது.
எங்கும் குறித்துவைக்கவில்லை.